விளக்கு வைக்கும் நேரத்து மீட்டிங்

மணி அடித்துவிட்டது.

பூஜை மணி. என் லேப்டாப்பிலிருந்து நாலடி தள்ளி, அத்தையின், அதாவது என் மாமியாரின், கையில். இங்கிலாந்தில் ஒரு மேசைக்கு முன்னால் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த ஹெலன், அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தட்டி, "வெல் டன், டானா!" என்றார்.

நான் எதையும் செய்து முடித்திருக்கவில்லை. என் பெயரும் டானா இல்லை, தனம். இரண்டையும் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் சிரித்தேன். "தேங்க்யூ ஹெலன்" என்று வேறு சொன்னேன்.

கேமராவுக்குத் தெரியாமல் என் இடது கையில் தயிர்சாதக் கிண்ணம் இருந்தது. மேசைக்கு அடியில் என் மகள் இனியா வாயைத் திறந்து காத்துக்கொண்டிருந்தாள். ஹால் முழுக்கச் சாம்பிராணிப் புகை. ஹெலனுக்குப் புகையும் தெரிந்திருக்குமோ, வீட்டில் ஏதோ எரிகிறது என்று நினைத்திருப்பாரோ என்று அன்றைக்குப் பூராவும் கவலைப்பட்டேன். கவலைப்பட வேண்டியது புகையைப் பற்றி அல்ல, மணியைப் பற்றி என்று பிறகுதான் தெரிந்தது.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களுக்காக என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் புத்தகங்களைப் பக்கம் கட்டி, பிழை பார்த்து, அச்சுக்குத் தயார் செய்து கொடுக்கும் சென்னை நிறுவனம் ஒன்று. எந்தப் புத்தகம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்துப் பதிப்பகத்துக்குச் சொல்வது என் பொறுப்பு. ஹெலன் அந்தப் பதிப்பகத்தில் இருப்பவர். நான் காரைக்காலில், எங்கள் வீட்டு ஹாலில் இருப்பவள்.

முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடியும்போது பதிப்பகத்திடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பார்கள். நல்ல வார்த்தை வந்தால் வேலை உறுதி, வீட்டிலிருந்தே தொடரலாம். வராவிட்டால் சென்னை அலுவலகத்தில் போய் உட்கார்ந்து இன்னும் ஆறு மாதம் பயிற்சி. இனியாவுக்கு மூன்று வயது முடியவில்லை. என் வீட்டுக்காரர், இவருக்குக் காரைக்காலில் பள்ளிக்கூட ஆபீஸ் வேலை. சென்னை என்றால் நான் தனியாகத்தான் போக வேண்டும். ஹெலன் என்னிடம் "ஹலோ" சொல்லும் தொனியைக்கூட நான் எடை போட்டுக்கொண்டிருந்த மாதங்கள் அவை.

கெட்ட வார்த்தைகள்

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மீட்டிங். அவர்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம், எங்களுக்கு விளக்கு வைக்கும் நேரம். எங்கள் வீட்டில் இன்டர்நெட் அறுந்துபோகாமல் வரும் ஒரே மூலை, சாமி அலமாரிக்குப் பக்கத்து மூலை. ரவுட்டரை அங்கே மாட்டியவர் இவர். ஏன் என்று கேட்டால், "பிளக் பாயின்ட் அங்கதான் இருக்கு" என்பார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டில் 'இல்லை', 'முடியாது', 'போச்சு' என்ற வார்த்தைகள் வரக்கூடாது. இது அத்தையின் சட்டம் மட்டுமல்ல. விழிதியூரில் என் பிறந்த வீட்டிலும் அப்படித்தான். அரிசி தீர்ந்துபோனால் அம்மா "அரிசி நிறைஞ்சிருக்கு" என்றுதான் சொல்வார். அப்பா உடனே பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புவார். எங்களுக்கு அதில் குழப்பமே வந்ததில்லை.

அத்தை ஒரு படி மேலே போய், ஆங்கிலக் கெட்ட வார்த்தைகளையும் சேர்த்துக்கொண்டார். லேட், பெண்டிங், கேன்சல், ப்ராப்ளம்.

"ஏம்மா தனம், வெளக்கேத்துற நேரத்துல தேவதைங்க வீதியில போவாங்க. நாம எதைச் சொன்னாலும் 'அப்படியே ஆகட்டும்'னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. நீ பாட்டுக்கு ப்ராப்ளம், ப்ராப்ளம்ங்கறே!"

"அது ஆபீஸ் ப்ராப்ளம் அத்தை. நம்ம வீட்டு ப்ராப்ளம் இல்லை."

"மறுபடியும் சொல்றா பாரு! இல்லைன்னு வேற சொல்றா!"

உடனே மணி. கெட்ட வார்த்தை தேவதைகளின் காதில் விழாமல் இருக்க அதற்கு மேல் மணிச் சத்தம். அந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. என்னிடம் இதுதான் தொல்லை. எல்லோர் பக்கமும் நியாயம் தெரியும்.

முதல் நாள் மணி கேட்டதும் ஹெலன் முகம் மலர்ந்து ஒரு கதை சொன்னார். அவருடைய பழைய அலுவலகத்தில் சுவரில் ஒரு மணி இருக்குமாம். ஒரு வேலை முடிந்தால் அதை அடிப்பார்களாம், எல்லோரும் கை தட்டுவார்களாம். "உங்களிடமும் அது இருக்கிறதா? எவ்வளவு அழகு!" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பெரிய இடத்து மனுஷி சந்தோஷமாக ஒன்று கேட்கும்போது, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, எப்படி இல்லை என்பது? "யெஸ்" என்றேன்.

அன்றிலிருந்து அத்தை மணி அடிக்கும்போதெல்லாம் இங்கிலாந்தில் கை தட்டினார்கள்.

காஜா மட்டும் பாக்கி

என் ஆங்கிலம் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்த ஒழுங்கான ஆங்கிலம். கட்டுரை எழுதச் சொன்னால் எழுதுவேன். ஆனால் 'வேலை தாமதம்' என்பதைத் தாமதம் என்று சொல்லாமல் சொல்வதற்கு அலுவலக ஆங்கிலத்தில் ஒரு தனிப் பாடம் இருக்கிறது. அதை எனக்கு எடுத்தவர் சபீனா லாத்தா.

லாத்தா என்றால் அக்கா. எதிர்வீட்டு மாடியில் இருப்பவர். அதே நிறுவனத்தில் எனக்கு நாலைந்து வருடம் மூத்தவர். அவர் வீட்டுக்காரர் துபாயில். இந்த வேலையைப் பற்றி என்னிடம் முதலில் சொன்னதே அவர்தான். அவர் வீட்டுச் சமையலறையில், அவர் இறால் உரிக்க, நான் பக்கத்தில் நின்று குறித்துக்கொள்வேன்.

"சர்க்கிள் பேக் பண்றோம்னு சொன்னா?"

"இப்ப அந்தப் பேச்ச எடுக்காதேன்னு அர்த்தம்."

"பேக் பர்னர்ல இருக்குன்னா?"

"பின்னாடி அடுப்புல சிம்ல வச்சிருக்கோம், பசிச்சா பாத்துக்கலாம்னு அர்த்தம். யாருக்கும் பசிக்காது."

"என்கிட்ட பாண்ட்வித் இல்லைன்னா?"

"என்னால ஆவாது, ஆளை விடுன்னு. ஆனா அப்படிச் சொன்னா சண்டை. பாண்ட்வித் இல்லைன்னா பாவம்னு பாப்பாங்க."

"டாப் பிரையாரிட்டி?"

லாத்தா இறாலைத் தட்டில் போட்டுவிட்டுச் சிரித்தார். "அதுக்கு அர்த்தமே கெடையாதும்மா. எல்லாத்துக்கும் அதைத்தான் போடுவாங்க."

உண்மைதான். ஒரு நாள் காலையில் ஹெலனிடமிருந்து வந்த எல்லா மெயிலிலும் 'டாப் பிரையாரிட்டி' என்று இருந்தது. எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் நான் இனியாவைக் குளிப்பாட்டப் போய்விட்டேன்.

லாத்தா கொடுத்தவற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்தது 'வீ ஆர் கெட்டிங் தேர்'. போய்க்கொண்டே இருக்கிறோம், எட்டிவிடுவோம் என்று பொருள். எங்கே, எப்போது என்று யாரும் கேட்க மாட்டார்கள். இதில் 'இல்லை'யும் கிடையாது, 'லேட்'டும் கிடையாது. அத்தைக்கும் ஆட்சேபம் இல்லை.

"எங்ககிட்ட இன்ஷா அல்லாஹ்ன்னு ஒண்ணு இருக்கு. அதைச் சொன்னாலே போதும், மனசு லேசாயிடும்" என்றார் லாத்தா. "ஆனா ஹெலன்கிட்ட சொன்னா அது என்ன தேதின்னு கேப்பா. அதனால அதை மனசுல சொல்லிட்டு, வாயில கெட்டிங் தேர்."

இதெல்லாம் நமக்குப் புதிதா என்ன? சட்டை தைக்கக் கொடுத்த டெய்லரிடம் போய்க் கேட்டால் "காஜா மட்டும்தான் பாக்கி" என்பார். துணியை வெட்டியே இருக்க மாட்டார். காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் அம்பகரத்தூர் பஸ் எப்போது கிளம்பும் என்றால், கண்டக்டர் கையில் டீ கிளாஸுடன் "எடுத்தாச்சு, எடுத்தாச்சு, ஏறுங்க" என்பார். டிரைவர் சீட்டில் ஆளே இருக்காது. அவர்கள் பொய் சொல்வதாக நான் ஒருபோதும் நினைத்ததில்லை. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்ற மரியாதை அது. ஆங்கிலத்தில் அதே மரியாதை இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு ஒரே கொண்டாட்டம். வீட்டில் நாள் முழுக்கப் பேசிப் பழகினேன்.

விளைவு இனியாவிடம் தெரிந்தது. ஒரு மணி நேரமாக வாயில் அதே உருண்டையை அடக்கி வைத்திருந்தவளிடம், "முழுங்கிட்டியாடி?" என்று கேட்டேன்.

கன்னம் உப்பியபடியே சொன்னாள்: "கெட்டிங் தேர்!"

இவர் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. குழந்தையைக் கெடுக்கிறேனோ என்ற பயம் ஒரு பக்கம், உச்சரிப்பு என்னைவிடச் சுத்தமாக இருக்கிறதே என்ற பொறாமை ஒரு பக்கம்.

தேனீக்கள்

என் தகுதிகாண் காலம் முடியும் மாதத்தில் தேனீக்களைப் பற்றிய ஒரு தடித்த புத்தகம் என் பொறுப்பில் இருந்தது. ஒன்பதாம் அத்தியாயத்தில் படங்கள் ஏராளம். தேனீயின் கால், தேனீயின் கொடுக்கு, கூட்டின் உள்புறம். அந்தப் படங்களைத் திருத்தி வரையும் சென்னைக் குழுவில் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். வேலை அசையவில்லை.

அந்தப் புதன்கிழமை ஹெலன், "ஒன்பதாம் அத்தியாயம்?" என்று கேட்டார். நான் "வீ ஆர் கெட்டிங் தேர்" என்றேன். சரியாக அந்த நேரத்தில் அத்தை தீபாராதனை காட்டி, மணியை ஆசை தீர அடித்தார். ஹெலன் நாற்காலியிலிருந்து எழுந்தே கை தட்டினார்.

மறுநாள் மெயில் வந்தது. மணியைக் கேட்டதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷமாம். முழுப் புத்தகமும் வெள்ளிக்கிழமை க்ளோஸ் ஆஃப் பிளேக்குள், அதாவது அவர்கள் அலுவலகம் மூடுவதற்குள், வந்துவிடும் என்று எழுதியவருக்கும் சொல்லிவிட்டாராம்.

எதிர்வீட்டு மாடிக்கு ஓடினேன்.

"லாத்தா, மணி அடிச்சதுக்குப் புத்தகம் முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சிட்டாங்க!"

"எந்த மணி?"

சொன்னேன். முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும். அந்த முதல் நாள் தவிர லாத்தாவும் இத்தனை நாள் அதே மீட்டிங்கில் இருந்தவர்தான். எதற்குக் கை தட்டுகிறார்கள் என்று தெரியாமலே அவரும் கூடத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அல்லாவே! நீ நல்லா வேலை செய்றேன்னு நெனச்சுல்ல தட்டினேன்!"

இரண்டு பேரும் உட்கார்ந்து ஹெலனுக்கு ஒரு மெயில் தயாரித்தோம். கற்ற வித்தை அத்தனையும் அதில் இறக்கினோம். சிறிது ரன்னிங் பிஹைண்ட், சில விஷயங்கள் ஆன் ஹோல்ட், விரைவில் சர்க்கிள் பேக். முடித்துவிட்டு லாத்தா உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இப்ப புத்தகம் வருதா, வரலையா?"

எனக்கும் தெரியவில்லை. எழுதிய எங்களுக்கே தெரியாவிட்டால் ஹெலனுக்கு எப்படித் தெரியும்? இருவரும் சிரிக்க ஆரம்பித்தோம். நான் சிரித்துக்கொண்டே அழவும் செய்தேன் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை தாண்டி ஒரு வாரத்தில் ஹெலனிடம் என்னைப் பற்றி அந்த வார்த்தையைக் கேட்பார்கள். அதற்குள் இப்படி ஆகிவிட்டதே. "முடியலைன்னு நேரா சொல்லிடு. மெயில்ல வேண்டாம், மூஞ்சிக்கு நேரா" என்றார் லாத்தா. மெயிலை அழித்தோம்.

வாசல்படிக்கு அந்தப் பக்கம்

சொல்வது என்று முடிவானது. எப்போது சொல்வது? வெள்ளிக்கிழமை, ஆறு மணி. வாரத்தின் ஏழு விளக்கு நேரங்களிலும் அத்தை மிகவும் கறாராக இருக்கும் நேரம்.

மத்தியானமே அத்தையிடம் போய் நின்றேன். "அத்தை, இன்னிக்கு மீட்டிங்ல நான் ஒரு கெட்ட வார்த்தை சொல்லியாகணும்."

"என்ன வார்த்தை?"

"எல்லா வார்த்தையும்."

அத்தை பூத்தொடுப்பதை நிறுத்தினார். விஷயத்தைச் சொன்னேன். மணியால் வந்தது என்பதை மட்டும் கொஞ்சம் மென்மையாகச் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப சொல்லாட்டி சென்னைக்கா?"

"சொன்னாலும் போக வேண்டி வரலாம் அத்தை. தெரியலை."

மறுபடி பூவைக் கையில் எடுத்தார். "வீட்டுக்குள்ள சொல்லாதே. வாசல்படிக்கு அந்தப் பக்கம் போய்ச் சொல்லிட்டு, கால் அலம்பிட்டு உள்ள வா."

அப்படித்தான் நான் வீதியில் நின்று மீட்டிங் பேசினேன். இவருடைய ஸ்கூட்டர் சீட்டில் லேப்டாப். போனிலிருந்து இன்டர்நெட். கடல் காற்று தலைமுடியை வாயில் திணித்தது. பட்டினச்சேரியிலிருந்து சாயங்கால மீன் கொண்டுவரும் அக்கா, வெள்ளிக்கிழமை என்பதால் எங்கள் வாசலைத் தாண்டி லாத்தா வீட்டுக்குப் போக வந்தவர், கூடையை இறக்கி வைத்துவிட்டு என் பின்னால் நின்றுகொண்டார்.

"யாருடி இந்த வெள்ளைக்காரம்மா?"

"ஆபீஸ் மேடம், அக்கா. கொஞ்சம் சும்மா இருங்க."

ஹெலன், "டானா, வெளியிலா இருக்கிறாய்? எவ்வளவு வெளிச்சம்! இன்றைக்கு மணி எங்கே?" என்று கேட்டார்.

மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன். இட் இஸ் நாட் டன். இட் இஸ் லேட். ஒன்பதாம் அத்தியாயம் முடியவில்லை, இன்றைக்கு வராது, அடுத்த வெள்ளியும் வராது, அதற்கடுத்த வெள்ளி வரும். அந்த மணி வேலை முடிந்த மணி இல்லை, என் மாமியாரின் பூஜை மணி. நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

இத்தனை 'இல்லை'யை ஒரே மூச்சில் என் வாழ்நாளில் சொன்னதில்லை. காது சூடாகிவிட்டது.

திரையில் ஹெலன் அசையவில்லை. நெட் அறுந்துவிட்டது என்று நினைத்து நான் போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். மீன்காரக்கா, "அழுவுது போலருக்கே" என்றார்.

அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது இது: புத்தகத்துக்கு முன்னுரை இன்னும் வரவில்லை. வரவில்லை என்ன, எழுதவே ஆரம்பிக்கவில்லை. 'முன்னுரை ஆசிரியரிடம் இருக்கிறது' என்று அவர் எங்களிடம் இத்தனை வாரம் சொன்னதற்கு அதுதான் அர்த்தம். காரைக்காலில் தினமும் மணி அடிக்கிறார்கள், தன் பக்கம்தான் தாமதம் என்று வெட்கப்பட்டு, தூக்கம் கெட்டுப் போயிருக்கிறார். அதற்கடுத்த வெள்ளி அவருக்கும் வசதியாம். மிகவும் வசதியாம்.

எதிர் மாடியில் லாத்தா தன் லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்று கை தட்டினார். இந்த முறை எதற்கென்று அவருக்குத் தெரிந்தே தட்டினார். ஹெலன் அத்தையைப் பார்க்க வேண்டும் என்றார். அத்தை வாசல்படியைத் தாண்டாமல், உள்ளிருந்தபடியே கை குவித்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "சாப்டாங்களான்னு கேளு."

வேண்டாம்

ஹெலன் என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னாரா? தெரியாது. மறு வாரம் சென்னையிலிருந்து வந்த மெயிலில், என் பணி உறுதி 'பரிசீலனையின் இறுதிக் கட்டத்தில்' இருப்பதாகவும், 'விரைவில் தெரிவிக்கப்படும்' என்றும் இருந்தது. முன்பென்றால் மாதக் கணக்கில் அதையே திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருப்பேன். விரைவில் என்றால் நல்லதா கெட்டதா, இறுதி என்று ஏன் போட்டார்கள் என்று.

அன்று போனை எடுத்துக்கொண்டு வீதிக்கு வந்து, சென்னை அலுவலகத்தைக் கூப்பிட்டேன். காலை நேரம்தான், விளக்கு கிளக்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் வாசலைத் தாண்டி நிற்பது தைரியமாக இருந்தது. ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவருக்கு என்னைவிட வயது குறைவாக இருக்கும், குரல் அப்படி இருந்தது.

"மேடம், அது ப்ராசஸ்ல இருக்கு மேடம்."

"சரிங்க. நான் சென்னைக்கு வரணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டும் சத்தம். நான் ஸ்கூட்டர் கண்ணாடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம் மேடம்."

"வேண்டாம்னா?"

"வர வேண்டாம் மேடம். கன்ஃபர்ம் ஆயிடுச்சு. கையெழுத்துதான் போடணும்."

அவருக்கு நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. உள்ளே ஓடி, தரையில் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்த இனியாவைத் தூக்கிச் சுற்றினேன். "அம்மா போகலைடி! அம்மா சென்னைக்குப் போகவே போகலை!"

அவள் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினாள். அவள் சந்தோஷப்பட்டதாகவே தெரியவில்லை.

"அப்ப ரயிலு?"

"எந்த ரயிலு?"

அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்க்காமலே சொன்னார்: "அம்மா சென்னைக்குப் போயிட்டு வரும்போது சாவி கொடுத்தா ஓடுற ரயில் வாங்கிட்டு வருவான்னு சொல்லி வச்சிருந்தேன். ஒரு மாசமா சொல்றேன். நீ கெளம்புற அன்னிக்குப் புள்ள அழக்கூடாதுல்ல."

ஒரு மாதமாக. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். நான் அடுக்களை வாசலில் போய் நின்றேன். அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அதனால் கண்ணைத் துடைத்ததை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளக்கூடாது.

"ரயிலு?" என்றாள் இனியா மறுபடியும், என் இடுப்பில் இருந்தபடி.

"இல்லைடி தங்கம்" என்றேன். அவள் உதட்டைப் பிதுக்கி, வீதி முழுக்கக் கேட்கும்படி ஓவென்று அழ ஆரம்பித்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.